ஒரு சொட்டு விழ வேண்டும்

“விழாது,” என்றார் டாக்டர்.

டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். “எது விழாது?”

“கண்ணீர். அந்தம்மா எவ்வளவு அழுதாலும் ஒரு சொட்டு கூடக் கீழே விழாது. எஞ்சின் நின்னுபோய் விண்கலம் சும்மா போய்க்கிட்டிருக்கு. உள்ள இருக்கிற எதுக்கும் எடை தெரியாது. கண்ணீருக்கும் தெரியாது.”

இருவருக்கும் நடுவில் நின்ற அசோசியேட் டைரக்டர், கையிலிருந்த காட்சித்தாளை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். அவரே உருகி உருகி எழுதியது அது. ‘தாயின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு. மெதுவாக விழுகிறது. மயங்கிக் கிடக்கும் மகனின் உள்ளங்கையில் படுகிறது. மகன் கண் திறக்கிறான்.’ படத்தின் உயிரே அந்த ஒரு சொட்டில்தான் இருந்தது. அதற்கு முன்னால் வருகிற இரண்டு மணி நேரமும் அந்தச் சொட்டை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது.

“விழாதுன்னா மேல போகுமா?” என்று கேட்டார் டைரக்டர்.

“எங்கேயும் போகாது. கண்ணுலேயே நிக்கும்.”

“ஒன்மோர் எடுத்தா?”

“அப்பவும் நிக்கும் சார்.”

டைரக்டர் திரும்பி அசோசியேட்டைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் அசோசியேட்டுக்கு அத்துப்படி. ‘இதை நீ பாத்துக்கோ’ என்று அர்த்தம். பல வருஷங்களாக அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மழை வராத நாளில் மழையைப் பார்த்துக்கொண்டார். வராத குதிரைக்குப் பதில் கழுதையைக் கொண்டுவந்து தூரத்தில் நிறுத்திப் பார்த்துக்கொண்டார். “இந்தப் படம் ஒழுங்கா முடியட்டும், அடுத்த படம் நீ டைரக்ட் பண்றே. நான் சொல்லிட்டேன்,” என்று டைரக்டர் தோளில் தட்டிச் சொல்லியிருந்தார். தோள் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பௌதிகத்தில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். வந்த முதல் நாளே லைட்மேன் ஒருவர் நாக்கை நீட்டிக் காட்டி, “ஜலதோஷம் விடவே மாட்டேங்குது டாக்டரம்மா,” என்று சொல்ல, “கஷாயம் ஏதாவது குடிங்கண்ணே,” என்று சிரித்துக்கொண்டே அனுப்பினார். படம் விண்வெளிக் கதை என்று கேள்விப்பட்டுத் தானாகவே ஆபீசுக்குப் போன் செய்து, “விஞ்ஞானம் தப்பில்லாம வர நான் உதவி பண்ணட்டுமா?” என்று கேட்டவர். தயாரிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே ‘விஞ்ஞானிகளே மெச்சும் படம்’ என்று ஊரெங்கும் போஸ்டர் ஒட்டிவிட்டார். இனி அந்த அம்மாளை ‘நீங்க வீட்டுக்குப் போகலாம்’ என்று சொல்லவும் முடியாது.

“சரி,” என்றார் டைரக்டர், பெரிய மனசு பண்ணி. “சுவத்துல ஒரு சுவிட்ச் வெச்சுடுவோம். சிவப்பு சுவிட்ச். அதைத் தட்டினா ஈர்ப்பு விசை வந்துடும். அம்மா சுவிட்சைத் தட்டறாங்க, அழறாங்க, சொட்டு விழுது, கட். எத்தனை படத்துல பாத்திருக்கோம்! விண்வெளியில கப்பல் கப்பலா போறான், எல்லாரும் தரையில நடக்கறான், எவனாவது மிதக்கறானா?”

“அந்த சுவிட்சைத் தட்டினா எது இழுக்கும் சார்?”

“தரை இழுக்கும்.”

டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். டச்சப் அக்கா தன் மேக்கப் பெட்டியோடு ஓரமாக நின்றிருந்தார். அந்தப் பெட்டியின் மூடி ஒரு சின்னக் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். டாக்டர் அந்தக் காந்தத்தைக் கழற்றி வாங்கினார். ஒரு கொண்டை ஊசியையும் கேட்டு வாங்கித் தரையில் போட்டார். பிறகு குனிந்து காந்தத்தை ஊசிக்கு மேலே பிடித்தார். ஊசி துள்ளி எழுந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.

“இதுல என்ன அதிசயம்?” என்றார் டைரக்டர்.

“இந்த ஊசியைக் கீழே இழுத்துப் பிடிச்சது யாரு?”

“பூமி.”

“முழு பூமி. மலை, கடல், பாலைவனம், உள்ளே கொதிக்கிற இரும்பு, எல்லாம் சேந்து ஒரு பக்கம் இழுத்துது. அந்தப் பக்கம் இழுத்தது விரல் நுனி அளவு காந்தம். யாரு ஜெயிச்சா?”

அசோசியேட் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றார். தினமும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிற சங்கதிதான். ஆனால் இப்போது அவர் காலடியில் ஒரு பூமி தோற்றுப்போய்ப் படுத்திருப்பது போலத் தோன்றியது.

“ஈர்ப்பு விசை அவ்வளவு சோப்ளாங்கி,” என்று டாக்டர் தொடர்ந்தார். “ஒரு தரை பூமி மாதிரி இழுக்கணும்னா, ஒவ்வொரு டைல்ஸுக்கு அடியிலயும் ஒரு குன்றையே நசுக்கித் திணிச்சு வைக்கணும். அதுவும் சுவிட்ச் தட்டினா வர, தட்டினா போக வழியே கிடையாது. மின்சாரத்துல கூட்டலும் உண்டு, கழித்தலும் உண்டு. ஒண்ணை வெச்சு இன்னொண்ணை மறைச்சுடலாம். எடையில கழித்தல்னு ஒண்ணை இதுவரைக்கும் யாரும் கண்டதில்லை. எல்லாம் எல்லாத்தையும் இழுத்துக்கிட்டே இருக்கு. சுவர் வெச்சாலும், பெட்டிக்குள்ள பூட்டினாலும் தடுக்க முடியாது. இப்ப நீங்களும் நானும்கூட ஒருத்தரை ஒருத்தர் இழுத்துக்கிட்டுத்தான் இருக்கோம்.”

டைரக்டர் ஒரு அடி பின்வாங்கினார்.

“இது சயின்ஸ் ஃபிக்ஷன்மா! சயின்ஸ் இருக்கிற மாதிரி ஃபிக்ஷனும் இருக்கே! ஒரு பொய் சொல்லக் கூடாதா?”

“தாராளமா சொல்லலாம். ஆனா சொன்ன பொய்க்கு உங்க கதை கட்டுப்படணும். ஈர்ப்பைத் தட்டினா வர்ற சுவிட்ச் அந்தக் கப்பல்ல இருந்தா, அதையே கப்பலுக்கு முன்னால மாட்டி இழுக்க விடலாமே? எரிபொருளே வேண்டாமே? அப்புறம் எரிபொருள் தீந்து போச்சுன்னு அந்தத் தாய் எதுக்கு அழணும்?”

டைரக்டர் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார்.

இந்த நேரம் பார்த்து மேக்கப் அறைக் கதவு திறந்தது. அம்மா வெளியே வந்தார்.

சினிமாவில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அம்மா என்றால் அவர்தான். எத்தனையோ கதாநாயகர்களுக்குத் தாயாக நடித்து, அத்தனை பேருக்காகவும் அழுது தீர்த்தவர். கிளிசரினைத் தொட்டதில்லை என்பது அவருடைய பெருமை. இடது கண்ணில் ஒரு சொட்டு என்றால் இடது கண்ணில் ஒரு சொட்டு, வசனத்தின் கடைசி வார்த்தைக்குச் சரியாக விழும். சில காலமாக நடிக்காமல் ஒதுங்கி இருந்தவரை இந்த ஒரு காட்சிக்காகவே டைரக்டர் வீடு தேடிப் போய்க் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தார்.

“என் கண்ணீர் விழாதுன்னு யாரோ சொன்னாங்களாமே,” என்றார் அம்மா. குரல் மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் தளத்தில் இருந்த லைட்டுகள்கூடக் கொஞ்சம் மங்கின மாதிரி இருந்தது.

“நான்தான் மேடம் சொன்னேன்,” என்றார் டாக்டர்.

“யாரும்மா நீ?”

“விஞ்ஞான ஆலோசகர்.”

“என் அழுகையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

“சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கிட்டு வர்றேன் மேடம்.”

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டைரக்டர் பக்கம் திரும்பி, “சொட்டு விழறதுக்கு ஒரு வழி பண்ணிட்டுக் கூப்பிடுங்க. விழாத கண்ணீருக்கு நான் எதுக்கு?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். டச்சப் அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

டைரக்டர் அசோசியேட்டைப் பார்த்தார். அதே பார்வை.

அசோசியேட் மதியம் முழுக்க டாக்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார். “இழுக்கிறதுக்கு வேற வழியே இல்லையா டாக்டர்? ஏதாவது ஒரு சந்து, ஒரு பொந்து?”

“இழுக்க முடியாது. ஆனா இழுக்கிற மாதிரி ஏமாத்தலாம். கப்பலைச் சுத்த விடணும். வாளியில தண்ணி வெச்சுச் சுத்தினா கொட்டாது, தெரியுமில்ல? அதுதான்.”

அசோசியேட்டுக்குத் தெரியாது. சின்ன வயசில் மற்ற பிள்ளைகள் வாளியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர் சினிமாக் கொட்டகையில் இருந்தார். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக வாளி நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார்.

“எங்கே தூக்கிட்டுப் போறீங்க? அது துணி அலச வெச்ச தண்ணி!” என்று மனைவி கத்தினாள்.

“ஒரு சோதனை!”

“அதுதான் தெரியுதே. கல்யாணமான நாளிலேர்ந்து எனக்குச் சோதனைதான்.”

அவர் வாளியைச் சுற்றினார். முதல் சுற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது சுற்றில் திறந்தார். தலைக்கு நேர் மேலே வாளி கவிழ்ந்திருந்தது. அதற்குள் தண்ணீர், ஏதோ தலைகீழ்தான் முறை என்பது போலச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வானத்துக்கும் அவருக்கும் நடுவில் மூடியில்லாத ஒரு வாளித் தண்ணீர். ஒரு சொட்டு சிந்தவில்லை. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலகத்தில் இப்படி ஒன்று நடந்துகொண்டிருப்பதை இத்தனை வருஷம் ஒருத்தரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று நினைத்தார். அந்த ஆச்சரியத்தில் மெய்ம்மறந்து கையை நிறுத்திவிட்டார்.

தண்ணீர் முழுவதும், வடாம்போல் காய்ந்துகொண்டிருந்த படுக்கை விரிப்புகளை மடிக்க வந்த மாமியார் மேல் விழுந்தது.

“மாப்பிள்ளைக்கு ரொம்ப முத்திப்போச்சு,” என்று மட்டும் மாமியார் சொன்னார். அன்று முழுக்க வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லாததுதான் பயமாக இருந்தது.

ஆனால் அசோசியேட் கவலைப்படவில்லை. மறுநாள் காலையில் தளத்துக்குள் நுழைந்ததுமே, “சுத்தணும் சார்! கப்பலைச் சுத்த விடணும்!” என்று முழங்கினார்.

டைரக்டருக்கு அது பிடித்துப்போயிற்று. சில நாட்களில் ஆர்ட் டைரக்டர் இரும்பும் பலகையும் வைத்துப் படுத்த பீப்பாய் மாதிரி ஒரு பிரமாண்டமான அறையைச் செய்து முடித்தார். மோட்டாரை முடுக்கினால் அறை அப்படியே உருளும். பார்ப்பதற்கே பிரமிப்பாக இருந்தது. டைரக்டர் உள்ளே போய் நின்று, “முதல்ல நானே பாக்கறேன், சுத்து!” என்றார்.

சுற்றினார்கள்.

டைரக்டர் நடந்தார். அறை கொஞ்சம் வேகமெடுத்தது. அவர் வேகமாக நடந்தார். அறை இன்னும் வேகமெடுத்தது. அவர் ஓடினார். “போதும்!” என்றார். மோட்டார் ஆளுக்குச் சத்தத்தில் “போகட்டும்!” என்று காதில் விழுந்தது. காப்பாற்ற அசோசியேட் உள்ளே பாய்ந்தார். இப்போது இரண்டு பேர் ஓடினார்கள். கடைசியில் அறை நின்றபோது டைரக்டர் அசோசியேட்டின் மேல் கிடந்தார், தொப்பி டைரக்டரின் மேல் கிடந்தது.

“இங்க பூமி இருக்கிறதால உருட்டி விடுது,” என்றார் டாக்டர், கை கொடுத்து இருவரையும் தூக்கியபடி. “விண்வெளியில இப்படி ஆகாது. கால் தரையில ஒட்டிக்கும்.”

“அப்போ விஞ்ஞானப்படி சரிதானே?” டைரக்டர் மூச்சு வாங்கினார். “சொட்டு விழும்தானே?”

“விழும்.”

தளமே கைதட்டியது.

“ஆனா நேரா விழாது.”

கைதட்டல் நின்றது.

“சொட்டு கண்ணை விட்டுக் கிளம்பின உடனே அதை யாரும் சுத்தறதில்லை. அது பாட்டுக்கு நேர்கோட்டுல போகும். அதுக்குள்ள தரை சுத்தி நகந்துடும். உள்ள இருக்கறவங்க கண்ணுக்குச் சொட்டு வளைஞ்சு போற மாதிரித் தெரியும். இவ்வளவு சின்ன அறைன்னா, மகன் கையை விட்டு ஒரு முழத்துக்கு மேல தள்ளிப் போய் விழும்.”

“அப்போ கையை ஒரு முழம் தள்ளி வெக்கச் சொல்லு!”

“வெக்கலாம் சார்,” என்றார் அசோசியேட் தயங்கித் தயங்கி. “ஆனா அந்தப் பக்கம்தான் வில்லன் கட்டிப்போட்ட நிலையில படுத்திருக்கான். சொட்டு அவன் மூக்குல விழும். அவன்தான் கண் திறப்பான்.”

டைரக்டர் ஒரு பலகையின் மேல் உட்கார்ந்துகொண்டார். பீப்பாய் அறை அவருடைய முதுகுக்குப் பின்னால் ‘கிரீச்’ என்று ஒரு முறை தானாக ஆடி அடங்கியது.

“வேற வழி?” என்றார் ஈனக் குரலில்.

“ஒண்ணு இருக்கு,” என்றார் டாக்டர். “எஞ்சினை ஓட விடுங்க. கப்பல் வேகமெடுத்துக்கிட்டே இருந்தா, உள்ள இருக்கறவங்களுக்கு எடை வந்துடும். ஜன்னல் இல்லாத அறைக்குள்ள நின்னா, கீழே ஒரு பூமி இழுக்குதா, இல்லை எஞ்சின் தள்ளுதான்னு நின்ன இடத்திலேர்ந்து உங்களால சொல்லவே முடியாது. ரெண்டும் ஒண்ணேதான். அப்போ கண்ணீர் நேரா, அழகா, மகன் கையிலயே விழும்.” கொஞ்சம் நிறுத்தினார். “விழும்னு நாம சொல்றோம். வெளியிலேர்ந்து பாத்தா கதையே வேற. சொட்டு விழறதே இல்லை. கண்ணை விட்டப்ப எப்படிப் போய்க்கிட்டிருந்துதோ அப்படியே போய்க்கிட்டிருக்கு. தரைதான் எழுந்து வந்து அதைத் தொடுது.”

அசோசியேட் குனிந்து தன் காலடித் தரையைப் பார்த்தார். நாற்பது வயது வரை அவர் அதன் மேல் நின்றதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது அது தன் உள்ளங்காலை ஓயாமல் மேலே தள்ளிக்கொண்டிருப்பது நன்றாகத் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்க வேண்டும் போல இருந்தது.

டைரக்டர் துள்ளி எழுந்தார். “தரையே எழுந்து வந்து ஒரு தாயோட கண்ணீரைத் தொடுது! ஆகா! இதுக்கு மேல என்னய்யா வேணும்? போடு எஞ்சினை!”

அசோசியேட் டைரக்டரின் முன்னால் போய் நின்றார். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் படம் போகும். “சார்...”

“என்ன?”

“எரிபொருள் தீந்து எஞ்சின் நின்னு போச்சுன்னுதானே அம்மா அழறாங்க?”

தளத்தில் ஒரு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

“எஞ்சின் ஓடினா,” என்று அசோசியேட் பாவமாக முடித்தார், “அழ வேண்டாமே சார். அழுதா எஞ்சின் ஓடாது. எஞ்சின் ஓடாட்டா சொட்டு விழாது.”

டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தார். அது யாரையும் கேட்காமல் நேராக விழுந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

“பாத்தியா! எல்லாம் விழுது! தொப்பி விழுது, நான் விழறேன், படம் விழப்போகுது! அந்த ஒரு சொட்டு மட்டும் விழாதா? உண்மையிலேயே அந்தத் தாய் அங்கே அழுதா என்னம்மா ஆகும்? அதையாவது சொல்லித் தொலை!”

மேக்கப் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“கண்ணீர் ஊறும்,” என்றார் டாக்டர். இத்தனை நாள் பாடம் சொன்ன குரல் இல்லை இது. “ஆனா வழியாது. ஊற ஊறக் கண்ணு மேலயே திரண்டு நிக்கும். ஒரு கண்ணாடிக் குண்டு மாதிரி. இன்னும் அழுதா இன்னும் பெருசாகும். இமையை மூடித் திறந்தாலும் போகாது. எரியும். அந்தக் குண்டு வழியாத்தான் அவங்க உலகத்தையே பாக்கணும். விளக்கெல்லாம் கலங்கித் தெரியும், மகன் முகம் வளைஞ்சு தெரியும். கீழேன்னு ஒரு திசை இருந்தாத்தானே கண்ணீர் நம்மை விட்டுப் போறதுக்கு? அங்கே கீழேயே கிடையாது. துக்கம் எங்கேயும் இறங்காது. துடைக்க ஒரு கை வந்தாத்தான் உண்டு.”

மேலே விளக்குக் கம்பியில் உட்கார்ந்திருந்த லைட்மேன் மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம் என்று சொல்ல முடியாது.

“அப்போ,” என்றார் அம்மா வாசலிலிருந்து, “என் கண்ணீர் என்னை விட்டுப் போகவே போகாதா?”

“போகாது மேடம்.”

டைரக்டர் மெல்லக் குனிந்து தொப்பியை எடுத்தார். தூசியைத் தட்டினார். “அதை எடுத்துடுவோம்,” என்றார். அவர் குரலும் மாறியிருந்தது. “விழாத கண்ணீரை எடுப்போம். அம்மா, அழுங்க. விழாம நிக்கணும்.”

“முடியாது சார்,” என்றார் டாக்டர்.

டைரக்டர் ஏறக்குறைய அழுதேவிட்டார். “இன்னும் என்னம்மா?”

“இங்கே பூமி இருக்கே. யாரு அழுதாலும் வழிஞ்சுடும். குண்டு மாதிரி நிக்காது. ஒரு சொட்டு வழிஞ்சாலும் மொத்தமும் பொய்யாயிடும். அதனால படப்பிடிப்புல அவங்க அழவே கூடாது. கண்ணு சுத்தமா காஞ்சிருக்கணும். தண்ணியைக் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு சேக்கணும்.”

அம்மாவிடம் போய் அழாதே என்று சொல்வதா? பாடகரைக் கூப்பிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள் என்பது மாதிரி அல்லவா அது! அசோசியேட் தன்னையறியாமல் அம்மாவுக்கும் டாக்டருக்கும் நடுவில் போய் நின்றார். அடி விழுந்தால் முதல் அடி தன் மேல் விழட்டும் என்று.

அம்மா அவரைத் தாண்டி டாக்டரை நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்திச் சொன்னார்: “சரி. விஞ்ஞானத்துக்காக இந்த ஒரு தடவை விட்டுக்கொடுக்கறேன்.”

காட்சி தயாராயிற்று. அம்மாவை மெல்லிய கம்பிகளில் கட்டி ஒரு சாண் உயரத்தில் மிதக்கவிட்டார்கள். மகனாக நடித்த கதாநாயகன் இன்னொரு கம்பியில், கையை விரித்து, அசையாமல் மிதந்தான். கூந்தலின் ஓரங்களைக்கூட மீன்பிடி நரம்பில் கட்டி நிற்க வைத்திருந்தார்கள்.

“ஆக்‌ஷன்.”

முதலில் அம்மா ஒன்றுமே செய்யவில்லை. மகனைப் பார்த்தார், அவ்வளவுதான். பிறகு ஒரு முறை கண் சிமிட்டினார். இன்னொரு முறை. எதிரே இருப்பது கலங்குகிறது என்பது அந்தச் சிமிட்டலில் தெரிந்தது. கழுத்தைச் சாய்த்தார், கண்ணில் நின்ற கனம் சாயவில்லை என்று அந்த முகம் சொல்லிற்று. தலையை உதறினார். அது போகவில்லை. இத்தனை வருஷம் சொன்ன சொல் கேட்டு இறங்கிப்போன கண்ணீர் இன்று போக மறுக்கிறது. அந்தத் திகைப்பு, அந்த எரிச்சல், பிறகு மெல்ல மெல்ல, இதுவும் என்னோடேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்கிற ஒரு சாந்தம், எல்லாம் ஒவ்வொன்றாக அந்த முகத்தில் வந்து நின்றன.

மாற்றி எழுதிய காட்சித்தாளில் அத்துடன் முடிந்திருந்தது. டைரக்டர் ‘கட்’ சொல்ல வாயெடுத்தார்.

அம்மா கையைத் தூக்கினார். ஆள்காட்டி விரலின் நுனியால் தன் கண்ணின் ஓரத்தைத் தொட்டார். அங்கே இல்லாத அந்த நீர்க்குண்டு விரலுக்கு மாறியதை எல்லோரும் பார்த்தார்கள். அது நடுங்கியது. அது சிதறாதபடி, ஒரு பச்சைக் குழந்தையைக் கூட்டத்தில் தூக்கிப்போவது மாதிரி, அந்த விரலை மெல்ல மெல்லக் கொண்டுபோய் மகனின் உள்ளங்கையில் வைத்தார். விழாத கண்ணீரைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

மகன் கண் திறந்தான். அது நடிப்பா, தாங்க முடியாமல் திறந்துவிட்டானா என்று அவனுக்கே தெரியவில்லை.

‘கட்’ சொல்ல ஆள் இல்லை. டைரக்டர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். காமிராமேனின் தோள் குலுங்கியது. லைட்மேன் கம்பியின் மேலேயே விம்மினார். ஆர்ட் டைரக்டர் பீப்பாய் அறையில் சாய்ந்து நின்று அழுதார். அத்தனை பேருடைய கண்ணீரும் தாராளமாக, நேராக, பூமியின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அசோசியேட்டுக்கும் ஒரு சொட்டு விழுந்தது. அது கன்னத்தைத் தாண்டி, காற்றில் இறங்கி, காட்சித்தாளில் ‘பட்’டென்று படுவதை வியப்போடு பார்த்தார். கண்ணீர் கீழே விழுவது இவ்வளவு பெரிய வரம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

“ஒன்மோர்?” என்று காமிராமேன் தழுதழுத்துக் கேட்டார்.

“உதைப்பேன்,” என்றார் டைரக்டர். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே டேக்கில் ஒரு காட்சி முடிந்தது. அசோசியேட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “அடுத்த படம் உனக்குத்தான்யா, சத்தியமா உனக்குத்தான்,” என்றார்.

மாலையில் தளம் காலியாயிற்று. கம்பிகளை அவிழ்த்துச் சுருட்டினார்கள். அம்மா கார் ஏறிப் போய்விட்டார். டாக்டரும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார். டச்சப் அக்கா மட்டும் ஓரமாக உட்கார்ந்து பஞ்சையும் பவுடரையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அசோசியேட் இரண்டு டம்ளர் டீ வாங்கிக்கொண்டு போய் ஒன்றை அவரிடம் நீட்டினார்.

“அக்கா, இன்னிக்கு நடந்ததை நெனைச்சா இன்னும் உடம்பு சிலிர்க்குது.”

“எனக்குந்தான் தம்பி.”

“நல்ல வேளை, அந்த டாக்டர் எங்கேருந்தோ வந்து சேந்தாங்க. அவங்க மட்டும் வரலேன்னா, அம்மா வழக்கம் போல இடது கண்ணுல ஒரு சொட்டு விட்டிருப்பாங்க, நாமளும் கைதட்டிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.”

டச்சப் அக்கா டீயை ஒரு வாய் உறிஞ்சினார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“எங்கேருந்து தம்பி விடறது? அம்மாவுக்குக் கண்ணுல தண்ணி வத்திப்போய் ரொம்ப நாளாச்சு. வெளிய தெரிஞ்சா மானம் போயிடுமேன்னு துடிச்சவங்ககிட்ட, ‘நீ அழவே வேணாம்னு எல்லாரையும் ஒத்துக்க வெக்கறேன்மா’ன்னு தைரியம் சொல்லி லீவு போட்டுட்டு வந்தது, அவங்க பெத்த பொண்ணாச்சே!”